அவள் பெயருக்குப் பின்னால்

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த என் தோழி, பெருமாள்மலைக்குக் கீழே நடந்த பஸ் விபத்தில் இறந்துபோனாள். ஹாஸ்டல் பிள்ளைகளின் கட்டிலில் ஒட்டும் பெயர்ச்சீட்டுகளை அச்சடிக்க, அவள் பேசிக் மொழியில் ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தாள். அடுத்த வருடம் வந்த புது மெஷினில் சி மொழிதான் இருந்தது. அவள் அடித்து வைத்திருந்த பெயர்களை மதுரைக் கடைக்காரர் ஒருவர் புது ப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்தார். ப்ரோக்ராமை மாற்றி எழுதுவது என் வேலையானது.

பிள்ளை பெயரோடு அப்பா பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பேசிக்கில் நடுவே ஒரு கூட்டல் குறி போட்டால் போதும். சி-யில் எழுத்துகளுக்கு நாமே இடம் ஒதுக்கி, அதில் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். புத்தகத்தைப் பார்த்து ஒட்டினேன்.

அன்று மத்தியானமே மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டது. சீட்டு வாங்க ஹாஸ்டல் வார்டன் வந்திருந்தார். அவர் என் தோழியின் கணவர். பிரிண்டர் கிறீச்சிட்டு, முதல் சீட்டில் அவள் பெயர் வந்தது. சோதித்துப் பார்க்கத் தன் பெயரையே முதலில் அடித்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. இரண்டாவதிலும் அவள் பெயர், பின்னால் ஒரு பையன். மூன்றாவதில் அவள், அந்தப் பையன், இன்னொருவன். வரிசை நீண்டுகொண்டே போனது.

“என்னங்க டீச்சர் இது? புள்ளைகள எல்லாம் கூட்டிக்கிட்டுப் போறாளா?” என்றார்.

பிரிண்டரை நிறுத்திவிட்டு, எழுதியதை வரிவரியாகப் பார்த்தேன்.

“ஒரு சீட்டு முடிஞ்சதும் பழைய பேர அழிக்கணுங்க. நான் அழிக்காம அதுக்குப் பின்னாடியே ஒட்டிட்டேன்.”

“அப்ப வெரசா அழிச்சிருங்க. அவ பின்னாடி ஒரு புள்ள பேரும் இருக்க வேணாம்.”

ஒரே ஒரு வரி சேர்த்தேன். பெயர்கள் தனித்தனியாக வந்தன. முதல் சீட்டில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. மற்றதை வாரிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார்.

பெயர்கள் அவள் பின்னால் வரிசைகட்டிய காரணம் எனக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனாலும் அந்த வருடம் லீவுக்குப் பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகு, கடைசிப் பிள்ளையும் வீடு போய்ச் சேர்ந்தது என்று தகவல் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.