பெட்டிக்குள் போன ஓப்பனர்

கத்திக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அவளுடைய மாமனார்தான். கோபத்தில் அல்ல, பெருமையில். கல்யாணத்துக்கு முன்பே, தன் அப்பாவின் இறைச்சிக் கடையில் கல்லாவில் உட்காரச் சொன்னால், மாட்டேன் என்று வெட்டுமேடைக்குப் போய் நின்றவள் அவள். மூட்டு எங்கே இணைகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, ஒரே இழுப்பில் பிரித்துவிடுவாள். கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவன் அடுத்த தெரு ஒயின் கடைக்காரன். கையில் பாட்டிலோடு வந்து, "இந்த ஒயினுக்கு எந்தக் கறி பொருந்தும்?" என்று கேட்டான்.

"கறிக்குத்தான் ஒயின் தேடுவாங்க. நீங்க என்ன தலைகீழா வர்றீங்க?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு கல்யாணத்தில் போய் முடிந்தது. அவள் அவனுக்குக் கொடுத்த கல்யாணப் பரிசு, தக்கையைத் திருகி எடுக்கிற ஓப்பனர், மரப்பிடி போட்டது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் கடைசி நாளும் வீட்டில் விருந்து. வான்கோழி அவள் பொறுப்பு, ஒயின் அவன் பொறுப்பு.

இந்த வருடம் விருந்துக்குச் சில நாள் முன்பு அவன் சொன்னான்: "எனக்கு மனசு விட்டுப்போச்சும்மா. தனியா இருக்க வெளிய ரூம் பார்த்திருக்கேன்."

வேறொருத்தியா என்று கேட்டாள். யாரும் இல்லை என்றான். யாராவது இருந்திருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம். யாருமே இல்லை என்கிறவனிடம் என்னத்தைச் சொல்வது? விருந்து முடியட்டும், மாமனாரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கு உள்ளூர வேறு நினைப்பு. அவன் பழையபடி பாட்டிலைத் திறந்து, இவள் பழையபடி பறவையை அறுத்துப் பரிமாறினால் அவன் மனசு மாறிவிடும் என்று நம்பினாள். பைத்தியக்காரத்தனம்தான். நாம் மட்டும் செய்ததில்லையா என்ன?

அன்று வான்கோழி பொன்னிறமாக வெந்து வந்தது. அவன் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்தான். சூப்புக்கு வெள்ளை, வான்கோழிக்கு இலேசான சிவப்பு, கடைசியில் இனிப்பு ஒயின். "வான்கோழி சாதுவான கறி, முரட்டு ஒயின் அதை அமுக்கிடும்" என்று வருடா வருடம் சொல்வதைச் சொன்னான். பிறகு பார்த்தால் ஓப்பனரைக் காணோம்.

"ஒயின் கடைக்காரன் வீட்டுல ஓப்பனர் இல்லையாம்! வெளிய சொல்லிடாதீங்க" என்று மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். நாத்தனார் சமையலறை இழுப்பறைகளையெல்லாம் குடைந்தாள். அவன் மட்டும் தேடவில்லை. முகம் வெளிறிப்போய் நின்றான். பிறகு அறைக்குள் போனான். பெட்டியின் ஜிப் திறக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது.

"ஏண்டா, பெட்டிக்குள்ளயா வெச்சிருந்த? எங்க கிளம்புற?" என்றாள் நாத்தனார்.

அவன் ஓப்பனரோடு வெளியே வந்து பாட்டிலைக் கையில் எடுத்தான்.

"கடை வேலையா திராட்சைத் தோட்டம் பார்க்கப் போறாரு அண்ணி. அதான் கையோட எடுத்து வெச்சிருக்காரு" என்றாள் கத்திக்காரி. பொய் தடுமாறாமல் வந்தது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. இத்தனை சாமான் இருக்க, தான் கொடுத்ததையல்லவா முதலில் எடுத்து வைத்திருக்கிறான்! மனசு விட்டுப்போனவன் செய்கிற காரியமா அது?

விருந்து நன்றாகவே நடந்தது. அவளுக்குப் பிடித்த மெத்தென்ற துண்டை அவனே எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

காலித் தட்டுகளோடு சமையலறைக்குப் போனவள் பின்னால் அவனும் வந்தான். ஓப்பனரைத் துணியால் துடைத்து, இழுப்பறையில் அது எப்போதும் இருக்கும் மூலையில் வைத்தான். அவள் தட்டுகளைக் கீழே வைத்தாள்.

"அப்ப... போகலையா?"

அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"அது இல்லம்மா. நீ வாங்கினது, நீயே வெச்சுக்க. கைப்பழக்கத்துல எடுத்து வெச்சுட்டேன். நான் வேற ஒண்ணு வாங்கிக்கிறேன்."

கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "கத்திக்காரி! இன்னொரு கால் துண்டு கொண்டாம்மா!"

"இதோ வர்றேன் மாமா."

கத்தியை எடுத்தாள். மூட்டு எங்கே என்று விரலால் தேடினாள். கிடைக்கவில்லை. வைத்த இடத்திலெல்லாம் கத்தி எலும்பில் பட்டு நின்றது. மாமனார் மறுபடியும் கூப்பிட்டார்.