ஐலீன் க்ரீன்வுட்டின் இரண்டு குரல்கள்

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. என் அக்கா ஹெதருக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது, ஐலீன் க்ரீன்வுட் எங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினார். வீட்டுச் செருப்போடு அவசரமாக வந்தவர் அதே செருப்போடு ஈரத்தில் சளக் சளக்கென்று நடந்து, ஸ்பானர் பையைக் காரின் பின்னிருக்கையில் எறிந்தார். குறுக்கே வந்த சைக்கிள்காரரிடம், "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கேட்டார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழந்தை வெளியே வரும் நேரத்தில் நழுவிவிடுவது அவர் வழக்கம்தான். "உள்ள மருத்துவச்சி இருக்கா, புருஷன் இருக்கான். அங்க எனக்கு என்ன வேலை?" என்பார். ஆனால் அன்று அவர் போன விதம் வேறு. முகம் காது வரை சிவந்திருந்தது. வாசலில் நின்ற என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் டாட்மர்டனில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் ஐலீனைத் தெரியும். தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் மதிய வேளைக்கு அவர்தான் காவல். குட்டை உருவம், நரைத்த கிராப்பு, கழுத்தில் தொங்கும் விசில். அந்த விசிலை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை. இருநூறு பிள்ளைகள் தட்டை உருட்டும் சத்தத்துக்கு மேலே, "வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு!" என்று ஒரு குரல் எழும். கூடம் அடங்கிவிடும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிற்கும் வாத்துகளும் அடங்கிவிடும் என்று என் அப்பா சொல்வார். ஹெதர் பீன்ஸைக் கைக்குட்டையில் சுருட்டி ஒளிப்பாள். ஐலீன் ஒவ்வொரு முறையும் கண்டுபிடிப்பார். கத்துவார். பீன்ஸ் தட்டுக்குத் திரும்பி வரும். அத்தோடு விஷயம் முடிந்தது; வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது, மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எதுவும் கிடையாது.

புதன்கிழமை மாலைகளில் இதே ஐலீன் வேறொரு ஆள். மெதடிஸ்ட் ஆலயத்தின் பின்கூடத்தில் விளக்குகளைக் குறைத்துவிட்டு, கர்ப்பிணிகளையும் அவர்கள் கணவர்களையும் பாய்களில் சாய்த்து உட்காரவைத்து, ஆழ்ந்த ஓய்வுக்குள் இறங்கக் கற்றுக்கொடுப்பார். தண்ணீருக்குள் பயமில்லாமல் பிள்ளை பெறும் முறை. அவருடைய மூன்றாவது மகன் அப்படித்தான் பிறந்தானாம். முதல் இரண்டு பேர் வந்த விதத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. மூன்றாவதற்குப் பிறகு பக்கத்து நகரமான ஹாலிஃபாக்ஸ் போய் முறையாகப் படித்து, காற்றடித்து நிறுத்தும் பெரிய தொட்டி ஒன்றை வாங்கி, கேட்பவர்களுக்கு அதைக் கொடுத்துவருகிறார்.

வகுப்பில் 'வலி' என்ற சொல்லுக்குத் தடை. 'அலை' என்றுதான் சொல்லவேண்டும். வாய் தவறி வலி என்றவர் வகுப்பு முடிந்ததும் எல்லாருடைய தேநீர்க் கோப்பைகளையும் கழுவவேண்டும். ஒருமுறை பாதிரியாரே எட்டிப் பார்த்து முதுகுவலி என்று ஏதோ சொல்லிவிட்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டு கழுவினார்.

வீட்டில் கேட்டுப் பழக ஒரு ஒலிப்பதிவும் தருவார். துணி அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு செய்தது. அதில் வரும் குரலை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அக்காவின் பிரசவத்துக்காகத் திரும்பி வந்திருந்தேன். தேன் ஒழுகுவதுபோல், "உன் தாடை தளரட்டும்... தோள் தளரட்டும்..." என்று பேசுவது நம் சாப்பாட்டுக்கூடத்து ஐலீன்தானா என்று கேட்டேன்.

ஹெதர் சிரிக்கவில்லை. மூத்தவள் மெக் பிறந்த நாளை அவள் இன்னும் சுமந்துகொண்டிருந்தாள். கண்கூசும் வெளிச்சம், பெயர் தெரியாத முகங்கள், அவளுக்கு என்ன நடக்கிறது என்று அவளிடம் சொல்லாமல் அவள் தலைக்கு மேலே ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்ட குரல்கள். தாயும் பிள்ளையும் நலமாகவே வீடு திரும்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்த மருத்துவமனை இருக்கும் சாலை வழியாகப் போவதில்லை. கடைக்குப் போனாலும் மலையைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். இந்த முறை வீட்டில், தண்ணீரில், அமைதியாக. அதற்காக ஒரு புதன்கிழமையைக்கூட அவள் தவறவிடவில்லை. ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"இந்தத் தடவை யாராவது கத்தினாங்கன்னா, நான் உடைஞ்சு போயிடுவேன். அவ்வளவுதான் கேக்கறேன். கத்தக் கூடாது."

அந்த ஞாயிறு விடியும்போது அலைகள் தொடங்கின. கணவன் டங்கன் மருத்துவச்சிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, முன்னறையில் தொட்டியைக் காற்றடித்து நிறுத்தினான். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒலிப்பதிவைப் போட்டு, ஹெதரின் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தான். ஐலீனின் தேன்குரல் மூன்று வாக்கியம்கூடப் பேசியிருக்காது, டங்கன் தூங்கிவிட்டான். அவன் தபால்காரன், இருட்டோடு எழுபவன். தவிர, ஆண்களும் பாயில் படுத்துப் பழகியே ஆகவேண்டும் என்பது ஐலீனின் விதி. வாரக்கணக்கில் அந்தக் குரலுக்குத் தூங்கியே பழகிவிட்டான். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். "தளர்ந்துட்டேன்," என்று முனகிவிட்டு மறுபக்கம் சாய்ந்தான்.

ஆக, தொட்டியை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. சமையலறைக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து நிரப்பவேண்டும். அக்டோபரிலேயே ஒத்திகை பார்த்திருந்தார்கள், எல்லாம் பொருந்தியது. ஒத்திகை முடிந்த பிறகுதான், பிள்ளை வருவதற்குள் வீடு புதிதாக இருக்கட்டும் என்று டங்கன் சமையலறைக் குழாயை மாற்றியிருக்கிறான். புதியதற்குச் சதுர வாய். எதை மாட்டினாலும் பிய்த்துக்கொண்டு என் முகத்தில் பீய்ச்சியது. பாத்திரங்களில் காய்ச்சி ஊற்றத் தொடங்கினேன். எத்தனை முறை ஊற்றியும் தொட்டியின் தரைதான் நனைந்தது.

மருத்துவச்சி நஸ்ரீன் மழைக்கோட்டை உதறிக்கொண்டு வந்தார். ஹெதரையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, வேகமாகவும் போகிறது என்றார். பிறகு தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சோபாவிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மென்மையாகச் சொன்னார். ஹெதர் தலையாட்டினாள். ஆனால் அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அடுத்த அலைக்கு அவள் மூச்சு வெளியே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துக் கூரையைப் பார்த்தாள். மெக் பிறந்த அறைக்கு அவள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் ஐலீனைக் கூப்பிட்டேன்.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பை நிறைய ஸ்பானர்களோடும் குழாய்களை இணைக்கும் கனெக்டர்களோடும் வந்தார். முன்னறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், உதட்டில் விரல் வைத்து எனக்குச் சைகை காட்டிவிட்டு, பூனைபோல் சமையலறைக்குள் போனார். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. கடைசி ஒன்று சேர்ந்ததுபோல் இருந்தது. குழாயைத் திறந்தார். அது தெறித்து, தண்ணீர் அவர் நெற்றியிலேயே அடித்தது.

"எந்த அரைவேக்காடுடா சதுரமா குழாய் மாட்டினது! வீட்ல புள்ளத்தாச்சிய வெச்சுக்கிட்டு அழகு பாக்கறானாம் அழகு!"

ஜன்னல் அதிர்ந்தது. சாப்பாட்டுக்கூடத்துக் குரல், முழு வீச்சில். அதே நொடியில் முன்னறையில் ஒலிப்பதிவு, "உன் தாடை தளரட்டும்..." என்று இழுத்துக்கொண்டிருந்தது. ஐலீன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண்களில் அப்படியொரு பீதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் அக்கா என்ன கேட்டிருந்தாள் என்பது அவருக்கும் தெரியும். வகுப்பின் முதல் நாளே ஹெதர் அதைச் சொல்லியிருந்தாள்.

நான் முன்னறைக்கு ஓடினேன். ஹெதர் சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். நஸ்ரீன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஹெதர் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கண்ணீர் வழிய, தாடை தளர்ந்து தொங்க.

"அப்பாடா, மிஸ்ஸஸ் க்ரீன்வுட் வந்துட்டாங்க," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள்: "அந்தக் குரல் கத்தினா எனக்கு ஒண்ணும் ஆகாதுடி. பீன்ஸ் சாப்பிடணும், அவ்வளவுதான்."

அடுத்த அலை வந்தது. ஒரு நீண்ட 'ஹூ' சத்தத்தோடு மூச்சு வெளியே போனது, வகுப்பில் பழகியதுபோலவே.

இதை ஐலீன் கேட்கவில்லை. அதற்குள் அவர் மாடிக்கு ஏறிவிட்டார். குளியலறை ஷவரின் தலையைக் கழற்றி, ரப்பர் குழாயை அங்கே மாட்டி, படிக்கட்டு வழியாக இறக்கினார். தண்ணீர் இறங்கிவந்து தொட்டியை நிரப்பியது. வெந்நீர் டாங்க் தீர்ந்தபோது ஹெதரின் வயிறு முழுகும் அளவு வந்துவிட்டது. மீதிக்கு நான் கெட்டில் வைத்தேன். அந்த இடைவெளியில்தான் அவர் மாடியிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பைச் சளக்கிட்டபடி கிளம்பிப் போனது.

தண்ணீருக்குள் இறங்கியதும் ஹெதரின் தோள்கள் தளர்ந்தன. விளிம்பில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளோ என்றுகூட நினைத்தேன். நஸ்ரீன் தரையில் உட்கார்ந்து, அவ்வப்போது கைவிளக்கால் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால் விரலால் டங்கனைத் தட்டி எழுப்பி, "எழுந்திருங்க சார், உங்க பொண்ணு வந்துக்கிட்டிருக்கா," என்றார். அவன் கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் ஹெதர் குனிந்து, இரண்டு கையாலும் குழந்தையைத் தானே தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். குழந்தை உடனே அழவில்லை. சிணுங்கியது, தும்மியது, எங்களைப் பார்த்து முகம் சுளித்தது, அப்புறம்தான் அழுதது. கத்தல் என்று அந்த அறைக்குள் எழுந்தது அது ஒன்றுதான்.

"இவ்வளவுதானா?" என்றாள் ஹெதர். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். டங்கன் வெண்ணெய் தடவிய டோஸ்ட் கொண்டுவந்தான். தொட்டியிலிருந்து ஏறியதும் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு நஸ்ரீனுடையதையும் கேட்டாள். குழந்தைக்கு ஐவி என்று பெயர் வைத்தார்கள்.

ஐலீன் வரவில்லை. அந்தப் புதன்கிழமை வகுப்பும் நடக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று கூடத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தொட்டியை உதறி மடித்துக்கொண்டே கேட்டார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. நல்ல பொண்ணு நீ."

"நிஜமா சிரிச்சா, மிஸ்ஸஸ் க்ரீன்வுட்."

"இத்தனை வருஷமா ஒரு வீட்லயும் நான் குரல் உசத்தினதில்ல, கண்ணு. அவ கேட்டது அது ஒண்ணுதான். அதைப் போய் நான்..." என்று நிறுத்திவிட்டு, மடித்த தொட்டியின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினார்.

அடுத்த ஞாயிறு ஹெதர் தானே போனாள், ஐவியைத் துணியில் கட்டிக்கொண்டு. கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்ததைவிட நீண்ட நேரம் ஆனது. அப்படியே கடைக்கும் போய்விட்டு, மலையைச் சுற்றாமல் மருத்துவமனைச் சாலையிலேயே வந்ததாக, கோட்டைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். ஐலீன் புதன்கிழமை வகுப்பை மறுபடி தொடங்கினார். தேன்குரல் மாறவில்லை. கோப்பை கழுவும் தண்டனையும் மாறவில்லை.

நான் போவேன் போவேன் என்று சொல்லிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். ஐலீனுக்குக் கைபேசியில் குழு நடத்துவது வசப்படாததால், வகுப்புக் குழுவில் பதிவுகளைப் போடுவது என் வேலையாகிவிட்டது. ஐவி நாற்காலியைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த மாதத்தில், ஒரு காலை அவரிடமிருந்து புதிய பதிவு வந்தது. அலமாரிக்குள் முதுகு பிடிக்கிறது, காரில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

கேட்டேன். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே, நெற்றி தளரட்டும், கை தளரட்டும். நானே கொட்டாவி விட்டேன். நடுவில் குப்பை வண்டியின் இரைச்சல். கார்க்கதவு திறக்கும் சத்தம். "டேய், உருட்டறதைப் பாத்து உருட்டுடா, அது குப்பைத்தொட்டி, ஃபுட்பால் இல்ல!" கதவு சாத்தும் சத்தம். ஒரு கனைப்பு. "இப்போ... மெதுவா... மூச்சை வெளியே விடு, கண்ணு."

அதைக் கத்தரித்துவிட்டுக் குழுவில் போடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவுக்குக் கீழே அவரிடமிருந்து இன்னொரு வரி வந்து விழுந்தது.

"எதையும் வெட்டாதே. அப்படியே போடு."