மல்லிகா வீட்டு மனை

பழவேற்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டு மல்லிகா சென்னைக்குக் குடிபோனபின், அவள் வீடு மழையில் இடிந்து வெறும் மனையானது. ஊரே குப்பை கொட்டியது. கிழிந்த நைலான் வலைகளை நானும் அங்கேதான் வீசினேன். பொங்கலுக்கு வருகிறேன் என்று அவள் போனில் சொன்னதும் சுத்தம் செய்யப் போனேன்.

ஏரிச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவள் நான். அதே பழக்கத்தில், பார்க்காமலே வலைக்குவியலுக்குள் கையை விட்டேன்.

“கைய எடும்மே! பாம்பு கீது!” என்று பின்னால் நின்ற கணவர் கத்தினார்.

விரலுக்கு ஒரு சாண் தள்ளி விரியன். நான் வீசிய வலையிலேயே அது சிக்கிக் கிடந்ததால் தப்பினேன்.

மல்லிகா வரவில்லை. இப்போது வாரந்தோறும் முதலில் கோலால் கிளறிவிட்டுத்தான் மனையைப் பெருக்குகிறேன். காலையில் என் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது, அவள் வாசல் இருந்த இடத்திலும் தெளித்துவிடுகிறேன்.