தேத்தண்ணியில் கறுத்த குழல்

பன்றி மரவள்ளியை விட்டுவைக்கவில்லை. அதனால் அனுமதி எடுத்து, இரத்தினபுரிக் கடையில் துவக்குச் சாமான் வாங்கினேன். வாய்ப்பக்கம் வெடிமருந்து இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. கட்டை, விசை, குழல் எல்லாம் தனித்தனி. கட்டையைச் செதுக்கி விசையைப் பொருத்திவிட்டேன். குழல்தான் மிச்சம். வெள்ளையாக மினுங்கும் இரும்பு எங்கள் கலவான ஊர் மழைக்கு ஒரு மாரிகூடத் தாங்காது.

மச்சான், என் மனைவியின் அண்ணன், சிரித்தார்.

"டவுன்ல குடுங்க. ஒங்க கையில பாழாத்தான் போகும்."

"பாப்போம்."

தேயிலைச் செடி வெட்டும் என் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் சாறு பட்டுப் பட்டுக் கறுத்தது. லேசில் துருப்பிடிக்காது. குழலையும் அப்படிக் கறுக்க நினைத்தேன். அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு வாயிலும் மரத்தக்கை அடித்தேன். உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசி, முதலில் துருப்பிடிக்கட்டும், அந்தத் துருவைத்தான் பிறகு சாயத்தில் கறுக்க வேண்டும் என்று கூரை ஓரம் தொங்கவிட்டேன்.

விடிந்தபோது குழல் சிவந்திருந்தது. நடுவில் மட்டும் விரல் தடம், வெள்ளையாக.

"நான்தாங்க," என்றாள் மனைவி. "சாரல் அடிச்சிச்சு, உள்ள தள்ளி வச்சேன். தலைக்கு எண்ணெ வச்ச கை."

மச்சானுக்குக் கொண்டாட்டம். எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து மறுபடி பூசினேன். இந்த முறை யாரும் தொடவில்லை. செம்மண் மெழுகியது போல ஒரே சீராகத் துரு ஏறியது.

கூரைத் தண்ணி ஓடின பழைய தகரப் பீலியை இரு முனையும் அடைத்து அடுப்புக் கல்லில் வைத்து, தேயிலைத் தூளை அள்ளிப் போட்டுச் சாயம் காய்ச்சினேன். குழலை அதில் இறக்கினேன்.

"துவக்குக்கும் தேத்தண்ணியா? சீனி போட்டாச்சா?" என்றார் மச்சான்.

"பிளேன்டீதான்."

கொதித்தது. சிவப்பு மறைந்தது. வெளியே எடுத்துத் துணியால் துடைத்தேன். மேலே ஒட்டிய துருத்தூள் போனது. அடியில் கறுப்பு நின்றது. நல்ல கறுப்பு. எண்ணெய் பூசினேன்.

"மழையில வைங்க பாப்போம்," என்றார் மச்சான்.

வைத்தேன். ராத்திரி முழுக்கப் பெய்தது. காலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. மச்சான் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். சிரிப்பைக் காணோம்.

"என் கத்தியையும் இப்படிப் போட்டுத் தாங்களேன்," என்று குழலைத் தொடக் கை நீட்டினார்.

மனைவி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க."

அவர் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.