அம்மாவின் இடது கண்

அக்காவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவர் தாயும் வந்திருந்தார்கள். அப்பா ஊரில் இல்லை, மலை மேலே ஏலத்தோட்டத்தில் அவருக்கு லீவு கொடுக்கவில்லை. காப்பி கொடுத்த அம்மாவின் இடது கண் வழக்கம்போல் வழிந்தது.

"வீட்டுக்காரரும் இங்கன இல்ல, நீங்களும் கண்ணத் தொடைக்கிறீக. பொண்ணுக்குச் சம்மதந்தானா மதினி?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"அழுகல மதினி, தானா வடியுது."

"ஒத்தக் கண்ணு மட்டும் தானா வடியுதாக்கும்!"

காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

கண்ணீர் எல்லோருக்கும் எந்நேரமும் சுரக்கிறது, இமையோரத் துளை வழியே மூக்குக்குள் இறங்கிவிடுவதால் தெரிவதில்லை என்றார் பிறகு அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டிய தேனி டாக்டர். அம்மாவுக்கு அந்த வழி அடைத்திருந்தது. ஆபரேஷன் செய்ததும் வழிவது நின்றது. போன சம்பந்தம் திரும்பவில்லை. அக்காவின் நிச்சயத்துக்குச் சேர்த்த பணத்திலிருந்துதான் ஆபரேஷனுக்குக் கட்டினோம், பதினெட்டாயிரம் ரூபாய்.