வலப்பக்கத்து நாற்காலி

சித்தி தனக்காக ஜெபம் செய்து நான் கேட்டதில்லை. அவளுக்குத் தேவை எதுவும் இல்லை என்பதால் அல்ல. எங்கள் ஜெபக் குழுவின் வழக்கம் அப்படி.

வருடத்தின் முதல் ஞாயிறு மாலை, குழுவில் உள்ள எல்லோரும் எங்கள் வீட்டு முன்னறையில் வட்டமாக உட்காருவோம். இந்த வருடம் எதை அடைய வேண்டும் என்று அவரவர் முடிவு செய்துகொண்டு வந்திருப்போம். அதை எழுந்து நின்று அறிவிப்பதில்லை. வலப்பக்கம் இருப்பவரின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். கேட்டவர் வருடம் முழுவதும் அதற்காக ஜெபிப்பார், வெளியே சொல்ல மாட்டார். நம் இலக்குக்காக நாம் உழைக்கலாம், அலையலாம். ஜெபம் மட்டும் அடுத்தவர் பொறுப்பு. தனக்குத் தனக்கு என்று கேட்டே எல்லோருடைய ஜெபமும் சந்தைக்குப் போகிற பை மாதிரி ஆகிவிட்டது என்று போதகர் எப்போதோ கடிந்துகொண்டதிலிருந்து இப்படி நடக்கிறது. யார் பக்கத்தில் உட்காருவது என்று தேர்ந்தெடுக்கவும் கூடாது. வந்த வரிசையில் உட்கார வேண்டும்.

போன வருடம் சித்திக்கு இடப்பக்கம், எப்போதும் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் நாங்கள் கண்ணாடி அக்கா என்று கூப்பிடுகிறவர். வலப்பக்கம் நான்.

சித்தி ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் பிரிவில் இரவு வேலை பார்க்கிறாள். கண்ணாடி அக்காவும் அங்கேதான். இருவரும் ஜோடி. ஈர விரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையை அவரும் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் செலுத்த வேண்டும். வெளியே வந்ததும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மூலைகளைச் சேர்த்து மடிக்க வேண்டும். "உங்க சித்தப்பா கையப் பிடிச்சதவிட அந்தக் கண்ணாடியோட கையப் பிடிச்சதுதான் ஜாஸ்தி" என்று சித்தி சொல்லிச் சிரிப்பாள். சித்தப்பா, மகள் குட்டி கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார்.

இரவு வேலை என்பதால் குட்டி எங்கள் வீட்டில் வளர்கிறாள். எங்களுக்கே கால் நீட்ட இடம் போதாத வீடு. சித்தி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறாள். வேலை முடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து குட்டிக்குத் தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, எங்கள் சமையலறையில் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுத் தன் அறைக்குத் தூங்கப் போவாள்.

அன்று அவள் என் காதில் சொன்னது இதுதான்: "பகல் வேலை கெடைக்கணும். குட்டிய என்கூட வெச்சுக்கணும்."

எனக்குப் படிப்பு முடிந்த நேரம். அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் முறை வந்தபோது வலப்பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ நல்லது நடக்கட்டும் என்று மழுப்பினேன். ஆனால் சித்தியின் பாரத்தை மட்டும் உண்மையாகச் சுமந்தேன். நான் சுமந்த முதல் பெரிய காரியம் அது.

எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது. அதனால் சித்தியின் ஜெபம் என் காதில் விழுந்தது. கண்ணாடி அக்காவுக்கும் பகல் வேலைதான் வேண்டும். அவர் வீட்டில் இரவு யாரும் இல்லாததால் மகன் கெட்ட சேர்க்கையில் விழுந்துகொண்டிருந்தான். "கர்த்தாவே, அக்காவுக்கு ஒரு பகல் வேலைய குடும். அந்தப் பையனக் காப்பாத்தும்" என்று சித்தி தினமும் கேட்டாள். சில நாள் பாதியில் நிறுத்திவிடுவாள். பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

இதில் ஒரு சிக்கலும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். கடவுளிடம் பகல் வேலைகளுக்கா பஞ்சம்?

மழைக்காலத்தில் அறிவிப்பு வந்தது. அறுவை சிகிச்சைக் கூடத்துக்கான துணிகளைச் சரிபார்த்துக் கட்டிவைக்கும் அறையில் ஒரு பகல் வேலை. ஒரே ஓர் இடம். இருவரும் மனுக் கொடுத்தார்கள்.

கண்ணாடி அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே கேட்டாராம். "எனக்காக ஜெபம் பண்றேன்னு தலையாட்டிட்டு, நீயும் போய் மனுப் போட்டிருக்க. எந்த வாயால ஜெபம் பண்ற?"

சித்தி சொன்னாளாம்: "எனக்கு வேணும், அதனால மனுப் போட்டேன். உங்களுக்கு வேணும்னு நீங்க சொன்னீங்க, அதனால ஜெபம் பண்றேன். ரெண்டும் நெஜந்தான்க்கா."

அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ஆனால் விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மூலைகளைச் சேர்த்து, முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்கள்.

அந்த நாட்களில் குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. அனத்தியபடி கிடந்தவள் "பெரியம்மா, பெரியம்மா" என்று என் அம்மாவைத்தான் தேடினாள். காலையில் சித்தி வந்து நெற்றியைத் தொட்டபோதும் கண் திறக்காமல் "பெரியம்மா" என்றாள். சித்தி கையை எடுக்கவில்லை. "ஆமா, பெரியம்மாதான். தூங்கு" என்றாள். என் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சித்தி முழங்கால் போட்டபோது, ஒரு நாளாவது தனக்காகக் கேட்டுவிட மாட்டாளா என்று காத்திருந்தேன். பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு அதே ஜெபம்தான். எனக்குக் கோபம் வந்தது. போதகரிடம் சொல்லி, அக்காவுக்காக ஜெபிக்கிற பாரத்தை மாற்றிக்கொள் என்றேன்.

"மாத்தி? வேற யாரு தலையிலயாவது வெக்கவா?" என்றாள். "உன் ஜெபம் இருக்குல்ல எனக்கு. ஒழுங்கா பண்றியா, இல்ல போர்வைக்குள்ள படுத்துக்கிட்டுப் பண்றியா?"

அடுத்த வாரம் பிரிவின் மேலாளர் சித்தியைக் கூப்பிட்டார். இருவரில் யார் என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. உங்கள் ஜோடி அடிக்கடி தாமதமாக வருகிறாராமே என்று கேட்டார். அது உண்மைதான். சித்தி வெறுமனே தலையாட்டியிருந்தால் போதும்.

அவள் சொன்ன பதிலை எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். "லேட்டா வர்றது நெஜந்தான் சார். பையன் வீடு வந்து சேர்ந்தானான்னு பாத்துட்டுத்தான் அவங்களால கெளம்ப முடியுது. அந்தப் பகல் வேலைய அவங்களுக்கே குடுங்க. அப்புறம் லேட்டே ஆகாது."

என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீ என்ன லூசாடி?"

"ஏன் சித்தி அப்படிச் சொன்ன?" என்றேன். இத்தனை மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்ததை அவளே ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

"விட்டுக்குடுக்கணும்னு நெனச்சுப் போகல. தெனமும் காலையில சொல்லிச் சொல்லி அதுவே வாய்க்குப் பழகிடுச்சு. அவர் கேட்டதும் அதுதான் வந்துச்சு."

"வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா?" என்றாள். பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு குட்டியைக் கூப்பிட்டாள். அன்று தலை வார வழக்கத்தைவிட நேரமானது. பின்னலை அவிழ்த்து, மறுபடியும் பின்னினாள்.

கண்ணாடி அக்காவுக்கு வேலை கிடைத்தது. மேலாளர் நடந்ததை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பகலுக்குப் போய்விட்ட அவரும் இரவில் இருந்த சித்தியும் பார்த்துக்கொள்ள வழியில்லை. விரிப்பின் மறுமுனைக்கு வேறொரு பெண் வந்தாள். சரியாக இழுக்கத் தெரியாதவள். சித்தியின் தோள்பட்டை வலிக்கத் தொடங்கியது. நான் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன், போர்வைக்கு வெளியே. பதில் வரவில்லை. வருடம் முடிந்தது.

இந்த வருடத்தின் முதல் ஞாயிறு. வந்த வரிசையில் உட்கார்ந்தோம். மறுபடியும் சித்தியின் வலப்பக்கம் எனக்கே அமைந்தது. குட்டி அவள் மடியில் இருந்தாள். கண்ணாடி அக்கா எதிர்ப்பக்கம், ஜன்னலோரம் இருந்தார். பாட்டு முடிந்தது. போதகர் தொடங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தபோது, கண்ணாடி அக்கா எழுந்து வட்டத்தின் நடுவே நேராக நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"எந்திரி."

"வந்த வரிசைதானக்கா..."

"தெரியும். எந்திரி."

போதகரைப் பார்த்தேன். அவர் வேதாகமத்தைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடத் தொடங்கிவிட்டார். நான் எழுந்து ஜன்னலோர நாற்காலிக்குப் போனேன்.

கண்ணாடி அக்கா உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சித்தி பக்கம் காதைச் சாய்த்தார். சித்தி குட்டியின் உச்சந்தலையில் முகவாயை வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். போன வருடம் நான் கேட்ட அதே வார்த்தைகள்தான். உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

கண்ணாடி அக்கா தலையாட்டினார். பிறகு கையை நீட்டி, ஈர விரிப்பின் முனையைப் பிடிக்கிற மாதிரி, சித்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.