டீசல் வாடை

சிலிண்டரின் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, சீறி வரும் காற்றை மோந்து பார்க்காமல் மச்சான் ஒருநாளும் தண்ணீரில் இறங்கியதில்லை. என் அக்காளின் கணவர் அவர். வளைகுடாவில் கப்பல்களுக்கு அடியில் முக்குளித்து வேலை பார்த்துவிட்டு, திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கே திரும்பியவர். மதகுகளின் ஷட்டரையும் பாலத் தூண்களின் அடிப்பகுதியையும் நீருக்குள் போய்ப் பார்த்துச் சொல்லும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்தார். கரையில் கயிறு பிடிப்பவன் நான்.

சிலிண்டர் வாங்கச் சென்னைக்குப் போனபோது, அலுமினியம் இலேசாக இருக்கிறதே என்றேன். காற்று தீரத் தீர அது மேலே மிதக்கப் பார்க்கும், இடுப்பில் கூடுதலாக ஈயம் கட்ட வேண்டிவரும் என்று இரும்பையே எடுத்தார். அதிலும் பளபளவென்றிருந்த ஒன்றின் வால்வைக் கழற்றச் சொல்லி, உள்ளே சின்ன பல்பை இறக்கிப் பார்த்தார். அடியில் துரு. "வெளியில பெயிண்ட் அடிச்சிட்டாங்க, உள்ள யாரு அடிக்கிறது?" என்று ஒதுக்கிவிட்டார். வீட்டிலும் சிலிண்டரை முழுக்கக் காலியாக விடமாட்டார்; கொஞ்சம் காற்று உள்ளே நின்றால்தான் ஈரம் நுழையாது. வால்வை நான் முரட்டுத்தனமாக இறுக்கினால் கோபம் வரும். அதன் ரப்பர் வளையத்தில் சின்ன வெடிப்பு தெரிந்தாலும் அன்றே மாற்றிவிடுவார்.

மச்சானின் அப்பா கூலிக்கு நடவு வேலை செய்தவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் உபரியென்று எடுத்த நிலத்தில் ஒரு துண்டுக்கு அவர் பெயரில் பட்டா வந்தது. பழைய சொந்தக்காரர், அது உபரியே இல்லை என்று வழக்குப் போட்டார். ஆட்சிகள் மாறின, வாய்தா மட்டும் தொடர்ந்தது. சாகுபடியும் அந்தச் சொந்தக்காரர் கையிலேயே இருந்தது. அப்பா இறந்தபிறகு மச்சான் கோர்ட்டுக்கு நடந்தார்.

அந்தச் சொந்தக்காரரின் மகன் ஒருநாள் கொள்ளிடத்தில் குளிக்கப்போய், மதகுக்குக் கீழே பள்ளத்தில் மூழ்கிவிட்டான். கரையிலிருந்தவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மச்சான் வால்வைத் திறந்து மோந்தார். சிலிண்டரைத் தள்ளி வைத்தார். முந்தின நாள் காற்று நிரப்பியபோது, பக்கத்து வயலில் ஓடிய பம்புசெட்டின் புகையைக் கம்ப்ரசர் இழுத்திருக்க வேண்டும். டீசல் வாடை எனக்கும் அடித்தது.

"கேஸ மனசுல வச்சிக்கிட்டுச் சாக்கு சொல்றான்!" என்று சொந்தக்காரரின் பங்காளி ஒருவர் மச்சானின் சட்டையைப் பிடித்தார். மச்சான் கையைத் தட்டிவிடவில்லை. வால்வை மறுபடி திறந்தார். "நீங்களே மோந்து பாருங்க. இந்தப் புகைய கீழ போய் இழுத்தா நான் மயங்கிடுவேங்க. அப்புறம் உங்க பையன யாரு தேடுறது?"

அவர் குனிந்து மோந்தார். சட்டையை விட்டார்.

இன்னொரு சிலிண்டரில் பழைய வேலையில் மிஞ்சிய காற்று இருந்தது. ஒரேயொரு முறை இறங்கத்தான் போதும். கயிறு நீண்டபடியே இருந்தது. கடைசியில் அது ஆடியபோது இழுத்தோம். பையனின் உடலோடு மச்சான் மேலே வந்தார். காற்றுமானியின் முள் சிவப்பில் கிடந்தது.

கருமாதி முடிந்ததும் சொந்தக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார், முதல் தடவையாக. அக்காள் நாற்காலி போட்டாள்.

"மொதல்ல வச்சிருந்த சிலிண்டரோடயே எறங்கியிருந்தா எம்புள்ள பொழச்சிருப்பானா?"

"இல்லீங்கய்யா. எங்களுக்கு ஆள் வந்தப்பவே எல்லாம் முடிஞ்சிருச்சுங்க."

தலையாட்டினார். அக்காள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார் என்று அக்காள் நம்பினாள். அடுத்த வாய்தாவில் அவருடைய வக்கீல் வழக்கம்போலவே வாதாடினார். மச்சானுக்கு அதில் வருத்தமோ வியப்போ இருந்ததாகத் தெரியவில்லை.

சில வருடம் கழித்துத் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கோர்ட்டு வாசலில் சொந்தக்காரர் மச்சானிடம் நடந்து வந்தார். ஏதாவது சண்டை வருமோ என்று நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வடக்கு மூலை பள்ளம். மழை பேஞ்சா தண்ணி நிக்கும், பயிர் அழுவிடும். மொதல்ல அத வடிய வுடு" என்றார். பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.

மச்சானும் அவரும் இன்று இல்லை. அக்காள் மகள்தான் பயிர் வைக்கிறாள். மழை பிடித்தால் மண்வெட்டியோடு அவள் முதலில் போவது வடக்கு மூலைக்கு.